சாம்பல் வாளியும் சரித்திரந்தான்



வீட்டு வாசலில் கிடக்கும் குப்பை வாளியை யாராவது படமாகக் கீறுவார்களா? கீறினாலும் அதற்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்களா? எம்மைக் கேட்டால் சிரிப்போம். எமது சுவர்களில் சுவாமி படம் இருக்கும், கல்யாணப் படம் இருக்கும், பிள்ளை பட்டம் பெற்ற படம் இருக்கும். குப்பை வாளிக்கு அங்கே என்ன வேலை?

நூறு ஆண்டுகளுக்கு முன் நியூயோர்க் நகரத்துப் பெரிய மனிதர்களும் இப்படித்தான் கேட்டார்கள். அந்நாளில் அங்கே வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு எரிந்தது. எரிந்த சாம்பலைத் தகர வாளிகளில் அள்ளி நடைபாதையில் வைப்பார்கள். மாநகர வண்டி வந்து எடுத்துச் செல்லும். அந்த வாளிகள் நிரம்பி வழிந்த ஏழைகளின் வீதிகளில் நின்று படம் கீறிய ஓவியர்கள் சிலர் இருந்தார்கள். 1916ஆம் ஆண்டில் ஆர்ட் யங் என்ற கேலிச்சித்திரக்காரர், சாம்பல் வாளிகளைக் கீறுவதே இவர்களுக்குத் தொழிலாகிவிட்டது என்ற பொருளில் குத்தலாக ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் குத்தலே அவர்களுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. இன்று கலை வரலாற்று நூல்களில் 'சாம்பல் வாளிக் குழு' என்பது மதிப்பான ஒரு பெயர்.

இம்முறை அவர்களைப் பற்றிக் கதைப்போம். ஓவியம் பற்றி எமக்கென்ன தெரியும் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்கள் கீறியது, கப்பலில் வந்து இறங்கி, மொழி தெரியாத நகரத்தில் ஓர் அறையைப் பிடித்து, நாளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தேடிய மனிதர்களை. அந்தக் கதை எமக்குப் புதிதல்ல.

வந்து இறங்கியவர்களின் நகரம்

1898ஆம் ஆண்டில் மன்ஹற்றன், புரூக்ளின் முதலான ஐந்து பகுதிகளும் ஒன்றாகி இன்றைய நியூயோர்க் மாநகரம் உருவானது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 34 இலட்சம். பத்தே ஆண்டுகளில் அது 47 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1902இல் இருபதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு 'பிளாட்அயர்ன்' கட்டிடம் எழுந்தது. 1904 ஒக்டோபர் 27ஆம் திகதி நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றுக்கு மேலே புதிய பாலங்கள், நிலத்துக்கு அடியில் சுரங்கங்கள். நகரம் முழுவதும் இடிக்கிற சத்தமும் கட்டுகிற சத்தமுமாக இருந்த காலம் அது.

மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையத்தின் வழியாக 1907ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சம் பேர் வந்தார்கள். இத்தாலியின் தெற்கிலிருந்து பசிக்கு அஞ்சி வந்தவர்கள் ஒரு பக்கம். ரஷ்யப் பேரரசிலிருந்து உயிருக்கு அஞ்சி வந்த யூதர்கள் மறுபக்கம். 1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்ட பின் அங்கே யூதர்களுக்கு எதிராக இனக்கலவரங்கள் வெடித்தன. இனக்கலவரம் என்றால் என்ன என்று எம் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவர்களிற் பெரும்பாலானோர் வந்து ஒதுங்கிய இடம் மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதி. ஐந்து, ஆறு மாடிகள் கொண்ட நெருக்கமான வாடகைக் கட்டிடங்கள். உள்ளறைகளுக்கு யன்னல் கிடையாது. இருக்கிற இடத்திலும் ஒரு மூலையை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. சமைக்கிற அறையே இரவில் படுக்கும் அறை, பகலில் தையல் கூடம். கோடை வந்தால் வெக்கை தாங்காமல் மொட்டை மாடியிலும், தீ விபத்துக்கென்று வெளிச்சுவரில் பொருத்திய இரும்புப் படிகளிலும் பாய் தலையணையோடு போய்ப் படுத்தார்கள். கீழே ஹெஸ்ரர் வீதியில் தள்ளுவண்டில்காரர்கள் மீன், ரொட்டி, துணி, மூக்குக்கண்ணாடி என்று எதையும் விற்றார்கள்.

அந்த வீதியை யார் மதித்துப் படம் கீறுவார்கள்? அந்நாளைய கலைக்கூடங்களில் வெள்ளைப் பட்டுடுத்திய சீமாட்டிகளும் மாலை வெயில் விழும் புல்வெளிகளும் தொங்கின. மீன் நாற்றம் வீசும் வீதிக்கு அங்கே இடமிருக்கவில்லை.

பத்திரிகையில் பழகிய கை

இந்த வழக்கத்தை மாற்றியவர்கள் பலரும் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள். ஜோன் ஸ்லோன், வில்லியம் கிளாக்கன்ஸ், ஜோர்ஜ் லுக்ஸ், எவரெற் ஷின் ஆகிய நால்வரும் 1890களில் பிலடெல்பியா நகரத்துப் பத்திரிகைகளில் படம் கீறும் ஊழியர்கள். பத்திரிகையில் புகைப்படத்தை அப்படியே அச்சிடும் முறை 1880இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் வேகமாக ஓடும் நாளிதழ் அச்சு இயந்திரங்களுக்கு அது பழக்கப்பட இருபது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை தீ விபத்து, ரயில் விபத்து, வேலைநிறுத்தம், நீதிமன்றம் என்று எது நடந்தாலும் செய்தியாளனோடு படக்காரனும் ஓடினான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு கட்டிடம் எரிகிறது. நின்று நிதானமாகக் கீற நேரமில்லை. கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் நாலு கோடு, மாடி எத்தனை, யன்னல் எத்தனை, ஏணி எந்தப் பக்கம், கூட்டம் எங்கே நின்றது என்று சில குறிகள். பிறகு அலுவலகத்துக்கு ஓடி வந்து, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் அந்தக் குறிகளையும் நினைவையும் வைத்து முழுப் படத்தையும் முடிக்க வேண்டும். கிளாக்கன்ஸ் ஒரு முறை பார்த்ததை மறக்க மாட்டார் என்று அவருடைய நண்பர்கள் வியந்திருக்கிறார்கள். இப்படிப் பழகிய கண்ணுக்கு எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது தெரியும். ஒரு மனிதன் பொதி சுமக்கும்போது தோள் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அது கவனிக்கும்.

இவர்களை ஒன்று சேர்த்தவர் ரொபேர்ட் ஹென்றி என்ற ஆசிரியர். அவருடைய வாழ்க்கையிலும் ஓர் ஓட்டம் இருந்தது. தந்தை நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தகராறில் ஒருவரைச் சுட்டுவிட, குடும்பமே ஊரை விட்டு ஓடிப் பெயர்களை மாற்றிக்கொண்டு வேறிடத்தில் வாழ்ந்தது. ஹென்றி என்பது அப்படி வந்த பெயர். பிலடெல்பியாவில் வோல்நட் வீதியிலிருந்த அவருடைய கூடத்தில் இந்த இளைஞர்கள் கூடினார்கள். அழகைத் தேடித் தூரதேசம் போக வேண்டாம், உங்கள் வாசலில் நடக்கிற வாழ்க்கையைக் கீறுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

புகைப்படம் பத்திரிகைக்குள் வந்ததும் படக்காரர்களின் வேலை குறைந்தது. ஒருவர் பின் ஒருவராக நியூயோர்க் போனார்கள். ஸ்லோன் 1903இன் முடிவில் பத்திரிகை வேலையை இழந்து, அடுத்த ஆண்டு மனைவியோடு அங்கே குடியேறினார். பிழைப்புக்குச் சஞ்சிகைகளில் கதைப் படம் கீறினார். மிச்ச நேரத்தில் வீதி வீதியாக நடந்தார். 1906 முதல் 1913 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று கிடைக்கிறது. எந்த வீதியில் எதைக் கண்டேன், எது மனதில் நின்றது, கையில் எவ்வளவு காசு மிச்சம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்.

ஆபாசம் என்று திருப்பி அனுப்பிய படங்கள்

ஸ்லோன் 1905, 1906ஆம் ஆண்டுகளில் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த பத்துப் படங்களுக்கு 'நியூயோர்க் நகர வாழ்க்கை' என்று பெயரிட்டார். அவற்றில் என்ன இருந்தது? கோடை இரவில் மொட்டை மாடியில் தூங்கும் குடும்பங்கள். கலைந்த அறையில் உட்கார்ந்து பத்திரிகையில் பெண்கள் பகுதியை வாசிக்கும் ஒரு தாய். விளக்கை அணைக்கக் கை நீட்டும் ஒரு பெண். இவ்வளவுதான். 1906இல் ஒரு கண்காட்சிக்கு அவரை அழைத்தவர்களே பத்துப் படங்களில் நான்கைத் திருப்பி அனுப்பினார்கள். தரக்குறைவானவை, ஆபாசமானவை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தப் படங்களில் நாம் காண்பது இடமில்லாத வாழ்க்கையைத்தான். இடமில்லாதவனின் படுக்கையறை யன்னல் எல்லோருக்கும் தெரியும். ஏழ்மையைக் கண்ணால் காண்பதே சிலருக்கு ஆபாசமாகப் பட்டது.

1907இல் நாட்டின் பெரிய ஓவியக் கழகம் தன் ஆண்டுக் கண்காட்சிக்கு ஹென்றியின் நண்பர்களுடைய படங்களை ஒதுக்கியது. தேர்வுக் குழுவிலிருந்த ஹென்றி கோபத்தோடு தன் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1908 பெப்ரவரியில் எட்டு ஓவியர்கள் சேர்ந்து மக்பெத் காட்சிக்கூடத்தில் தங்கள் படங்களைத் தாங்களே வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. திட்டியவர்களும் வந்து பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள். அந்த எட்டுப் பேரில் எல்லோரும் வீதியைக் கீறியவர்கள் இல்லை. ஆனால் எதைக் கீறலாம் என்பதைக் கழகம் தீர்மானிக்கும் காலம் அத்துடன் ஆட்டம் கண்டது.

இடிபடும்போது கீறியவர்

ஹென்றியின் மாணவர் ஜோர்ஜ் பெலோஸ். ஒஹாயோ மாநிலத்திலிருந்து 1904இல் வந்தவர், நல்ல விளையாட்டு வீரர். அவர் வந்த சில காலத்தில் மன்ஹற்றன் நடுவில் பென்சில்வேனியா ரயில் நிலையம் கட்டுவதற்காக வீதி வீதியாக வீடுகளை இடித்துப் பெரும் பள்ளம் தோண்டினார்கள். மற்றவர்கள் எப்போது நிலையம் எழும்பும் என்று காத்திருந்தபோது பெலோஸ் பள்ளத்தைக் கீறினார். பனி மூடிய பள்ளம், இரவில் நெருப்பு எரியும் பள்ளம், காலை நீல ஒளியில் வேலையாட்கள் நிற்கும் பள்ளம் என்று 1907க்கும் 1909க்கும் இடையில் நான்கு படங்கள்.

1910இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் கருங்கல் தூண்களோடு அரண்மனை போலிருந்தது. என்றென்றைக்கும் நிற்கும் என்று நினைத்தார்கள். 1963இல் அதையும் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்பின் வேதனையிலேதான் 1965இல் பழைய கட்டிடங்களைக் காக்கும் சட்டம் நியூயோர்க்கில் பிறந்தது. நிலையத்தை நினைத்து அழுதவர்கள் உண்டு. நிலையம் வருவதற்கு முன் அங்கே குடியிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக அப்படி யாரும் அழவில்லை.

1909இல் அவர் கீறிய இன்னொரு படம் இன்று வோஷிங்ரன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவ்வாண்டு திறக்கப்பட்ட குயின்ஸ்பரோ பாலத்தின் அடியில் சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் போய், ஒற்றைக் கட்டிடம் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் இலையுதிர்ந்த மரங்கள். நெருப்பு மூட்டிக் குளிர் காயும் சில மனிதர்கள். 'தனித்து நிற்கும் குடியிருப்பு' என்று படத்துக்குப் பெயர். இந்த ஒரு படத்துக்காகவேனும் பெலோஸை எமக்குப் பிடிக்கிறது. ஊரே போன பின் நிற்கும் ஒற்றை வீட்டின் தனிமையை நாம் அறிவோம்.

எவரெற் ஷின் 1904இல் கீறிய 'வெளியேற்றம்' என்ற படத்தையும் சொல்ல வேண்டும். கீழ்க்கிழக்குப் பகுதியில் வாடகை கட்ட முடியாத ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் வீதியில் கிடக்கின்றன. எறிந்தவர்களுக்கு அன்றைய நாளின் ஒரு வேலை. குடும்பத்துக்கு அதுதான் முழு உலகமும்.

யாருடைய கண்?

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. கீறியவர்கள் யார்? கீறப்பட்டவர்கள் யார்? ஸ்லோனும் பெலோஸும் அந்த நாட்டில் பிறந்தவர்கள். ஏழைகளின் வீதிக்குப் பார்க்க வந்தவர்கள், பார்த்த பின் தங்கள் கூடத்துக்குத் திரும்பியவர்கள்.

அவர்களுக்கு முன்னே கமெராவோடு போனவர் ஜேக்கப் ரீஸ். அவரே 1870இல் டென்மார்க்கிலிருந்து வந்த குடியேறி. 1890இல் அவர் வெளியிட்ட நூல் வாடகை வீடுகளின் கொடுமையை நாட்டுக்குக் காட்டிச் சட்டங்கள் மாற உதவியது. அது பெரிய தொண்டு. ஆயினும் இருட்டறையில் திடீரென்று வெடிமருந்து வெளிச்சம் போட்டு எடுத்த அந்தப் படங்களில் மனிதர்கள் திகைத்துப் போய் நிற்கிறார்கள். அவருடைய எழுத்திலோ யூதர்களையும் இத்தாலியரையும் சீனரையும் பற்றிக் கடுமையான பொதுப் பழிகள் உண்டு. இரக்கப்படுகிறவன் எல்லாம் மதிக்கிறவன் என்று சொல்ல முடியாது.

வீதி ஓவியர்களின் கண் பெரும்பாலும் வேறு விதமாகப் பார்த்தது. லுக்ஸ் 1905இல் கீறிய 'ஹெஸ்ரர் வீதி' படத்தில் விளையாட்டுப் பொம்மை விற்பவனைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள், பெண்கள் சந்தையில் சாமான் பார்க்கிறார்கள். அங்கே வறுமை இருக்கிறது, ஆனால் யாரும் பிச்சை கேட்டு நிற்கவில்லை. 1913இல் பெலோஸ் ஒரு சஞ்சிகைக்குக் கீறிய படத்தில் வெக்கை தாங்காமல் ஒரு வீதியே வெளியில் வந்து நெருக்கியடிக்கிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு, 'இவர்கள் ஏன் நாட்டுப்புறத்துக்கு விடுமுறை போகவில்லை?' வசதியுள்ளவர்கள் கேட்கக்கூடிய கேள்வியையே எடுத்து அவர்கள் முகத்தில் வீசினார்.

1911 மார்ச்சில் ட்ரையங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்தது. பூட்டிய கதவுகளுக்குள் 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம் யூத, இத்தாலியப் பெண்கள். ஸ்லோன் ஒரு தொழிலாளர் பத்திரிகைக்கு முக்கோணம் ஒன்றைக் கீறி, நடுவில் எரிந்த பெண்ணின் உடலை வைத்து, மூன்று பக்கங்களிலும் வாடகை, வட்டி, இலாபம் என்று எழுதினார். மொட்டை மாடியில் தூங்கும் பெண்களைக் கீறிய அதே கைதான் இதையும் கீறியது. பலகாலம் நின்று பார்த்தவனுக்கு அவர்கள் செய்தித் தாளில் வரும் எண்ணிக்கையாகத் தெரியவில்லை.

ஆனாலும் பார்க்க வந்தவன் பார்க்க வந்தவன்தான். ஸ்லோன் தன் பின் யன்னலிலிருந்து அயல் வீட்டுக்காரர்களின் வாழ்க்கையைப் பார்ப்பதுண்டு. அவர்களுக்குத் தெரியாதபடி கவனமாகப் பார்ப்பேன் என்று நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தம் கதையைச் சொல்ல ஒரு கை வேண்டாமா?

ஹெஸ்ரர் வீதியின் பிள்ளை

அந்தக் கை ஹெஸ்ரர் வீதியிலேயே பிறந்தது. 1880இல் போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர் ஜேக்கப் எப்ஸ்ரின். சிறு வயதிலே நோயாளிப் பிள்ளை. வாசிப்பதும் கீறுவதுமே பொழுதுபோக்கு. வீட்டில் பக்தியும் கட்டுப்பாடும். பிள்ளை எந்நேரமும் படம் கீறுவது அங்கே யாருக்கும் பெருமையான காரியமாக இருக்கவில்லை.

குடும்பத்துக்குக் கையில் காசு சேர்ந்தது. எல்லோரும் செய்வதைப் போல அவர்களும் வசதியான பகுதிக்கு வீடு மாறினார்கள். இளைஞர் எப்ஸ்ரின் போகவில்லை. ஹெஸ்ரர் வீதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். வண்டில்காரர், கிழவர், தையல்காரர், தொழுகைக்குப் போகிறவர் என்று தான் பிறந்த வீதியின் முகங்களைக் கீறிக்கொண்டே இருந்தார். ஒரு தீ விபத்தில் அந்த வீடு எரிந்து ஏராளமான படங்கள் நாசமாயின. அதன் பிறகும் அவர் கீறினார்.

1902இல் ஹட்சின்ஸ் ஹப்குட் என்ற எழுத்தாளர் கீழ்க்கிழக்குப் பகுதி யூதர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் படங்கள் எப்ஸ்ரினுடையவை. அந்த நூலில் வரும் முகங்கள் திகைத்து நிற்கவில்லை. தெரிந்தவன் முன் உட்கார்ந்திருப்பது போல இயல்பாக உட்கார்ந்திருக்கின்றன.

அந்தக் கூலியைக் கொண்டு அவர் பாரிசுக்குப் போய்ச் சிற்பம் கற்றார். பின்னர் லண்டனில் குடியேறினார். 1954இல் பிரித்தானியா அவருக்கு 'சேர்' பட்டம் கொடுத்தது. பாரிசிலுள்ள வாசகர்கள் பெர் லஷேஸ் மயானத்துக்குப் போனால் ஒஸ்கார் வைல்டின் கல்லறையில் சிறகு விரித்த ஒரு கல்லுருவத்தைக் காணலாம். இங்கிலாந்தில் கொவென்றி தேவாலயத்துக்குப் போனால் வெளிச்சுவரில் சாத்தானை வென்று நிற்கும் புனித மிக்கேலின் உருவத்தைக் காணலாம். இரண்டும் அந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளையின் வேலை. கை பழகிய இடம் மீன் நாறும் ஹெஸ்ரர் வீதி.

இன்று அந்த வீதியில் வண்டில்கள் இல்லை. 1930களின் பிற்பகுதியில் நகரபிதா லகார்டியா தள்ளுவண்டில்களை வீதியிலிருந்து அகற்றி, வியாபாரிகளைக் கூரை போட்ட சந்தைகளுக்குள் அனுப்பினார். ஸ்லோன் கீறிய மூன்றாம் அவெனியூ மேம்பால ரயில் 1955இல் மன்ஹற்றனில் நின்று போனது. யூதர்களின் பிள்ளைகள் வேறு இடங்களுக்குப் போக, அந்த வீதிகளின் பெரும்பகுதியில் சீனர்கள் கடை வைத்தார்கள். ஒரு காலத்தில் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு அந்தப் படங்கள் இருக்கின்றன.

எமது வீதியை யார் கீறினார்கள்?

இனி எம் பக்கம் வருவோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறிய எம்மவர் பலர், பல ஆண்டுகள் கழித்துக் காணி விடுபட்டுத் திரும்பியபோது தம் வீட்டு எல்லை எதுவென்றே தெரியாமல் நின்றார்கள். கிணற்றை வைத்தும் மரத்தை வைத்தும் அடையாளம் பிடித்தவர்கள் உண்டு. அந்த ஒழுங்கையை, அந்தச் சந்திக் கடையை, படலையில் சாய்ந்து நின்ற சைக்கிளை யாரும் கீறி வைக்கவில்லை. என்றும் இருக்கும் என்று நினைத்தோம்.

வந்த இடத்திலும் அதையே நினைக்கிறோம். நாம் முதலில் வந்து இறங்கிய அறைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு பேருக்கு நான்கு மெத்தை. இரவு வேலைக்காரன் எழும்பப் பகல் வேலைக்காரன் படுப்பான். யன்னல் கட்டையில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று. விசாக் கடிதம் வந்ததா என்று நாளுக்கு நாலு முறை திறந்து பார்த்த தபால் பெட்டி. முதன்முதலாக முருங்கைக்காய் விற்ற கடை. இவற்றுக்குப் படம் உண்டா? கேட்டால் எல்லா வீட்டிலும் சாமத்திய வீட்டு வீடியோ உண்டு, கல்யாண அல்பம் உண்டு. அவற்றில் நாம் பட்டு உடுத்தி, வாடகை மண்டபத்தில், ஒரே மாதிரிச் சிரிக்கிறோம். ஊருக்கு அனுப்பவும் அந்தப் படங்களே. சாம்பல் வாளி எந்தப் படத்திலும் விழாதபடி கவனமாக இருந்தோம். கஷ்டப்பட்டதை அம்மா அப்பா அறியக் கூடாது என்ற எண்ணம் அது. அதைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

ஆனால் எமது நகரங்களும் மாறுகின்றன. பாரிஸ் லா சப்பலிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் கடை வைத்த வீதிகளில் வாடகை ஏறுகிறது, கட்டிடங்கள் மாறுகின்றன, முதலில் வந்தவர்கள் முதுமை அடைகிறார்கள். வசதி வந்தவர்கள் புறநகரில் வீடு வாங்கிப் போகிறார்கள். போவது நல்லதுதான். போவதற்கு முன் யாராவது ஒருவர் நின்று பார்த்துக் கீறி வைத்தால் என்ன?

கைத்தொலைபேசியில் கமெரா இருக்கும்போது பென்சில் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். கேட்கட்டும். கமெரா ஒரு நொடியில் எடுத்து முடித்துவிடும், எடுத்தவர் அதைத் திரும்பப் பார்ப்பதும் குறைவு. கீறுகிறவர் அரை மணி நேரம் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் கடைக்கார ஐயா இரண்டு வார்த்தை கதைப்பார். எந்த ஆண்டு வந்தவர், முதலில் என்ன வேலை செய்தார், இடது கை ஏன் நடுங்குகிறது என்பது தெரிய வரும். அம்மம்மா புட்டு அவிக்கும்போது பக்கத்தில் இருந்து கீறுகிற பிள்ளைக்குப் புட்டுக்குழல் பற்றிய கதையும் கிடைக்கும். எமது மொழியில் கதைக்கத் தயங்கும் பிள்ளைகள் கூடக் கை வேலையாக இருக்கும்போது கதைப்பதைக் கண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை படம் கீறியிருந்தால் உடனே ஏச வேண்டாம். என்ன கீறியிருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படிப்போடு இதற்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள் என்கிறோம். தொடங்குவதற்குச் செலவில்லை. ஒரு பென்சில், கோடு போடாத ஒரு சிறு கொப்பி. பஸ் தரிப்பிடம், உடுப்புத் தோய்க்கும் கடை, வீட்டுச் சமையலறை, தமிழ்ப் பாடசாலை வாசலில் காத்திருக்கும் அம்மாமார் என்று எதையும் கீறலாம். கீழே திகதியும் இடமும் எழுத வேண்டும். கை கோணினாலும் பரவாயில்லை, திகதி சரியாக இருக்க வேண்டும். ஒருவரை முகம் தெரியக் கீறினால் முடித்த பின் அவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஸ்லோன் யன்னல் மறைவில் நின்று செய்ததை எம் பிள்ளைகள் நேரே நின்று செய்யலாம், அவர்கள் கீறப்போவது சொந்தச் சனத்தை.

படங்களை எமக்கு அனுப்பி வையுங்கள். வயது, இடம், திகதி இருந்தால் போதும். இயன்றவற்றை அடுத்த இதழ்களில் இந்தப் பத்தியோடு வெளியிடுவோம். சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை. குப்பை வாளி இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.